இருசக்கர மலை யாத்திரை

மலைக்குப் போகிறவர்கள் சாதாரணமாகக் கால்நடையாகப் போவார்கள். முடியாதவர்கள் டோலியில் போவார்கள். பணம் உள்ளவர்கள் மோட்டாரில் போவார்கள். ஸைக்கிளை எடுத்துக் கொண்டு மலைக்குப் போகிறவர்களை நாங்கள் வெகு காலம் வரையில் பார்த்ததில்லை. எங்கள் பல்லாவரத்தில் ஸைக்கிள் என்பது பால்காரருக்கும், தபால்காரருக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் என்று ஏற்பட்ட வாகனம். மேம்பாலம் வந்தாலே இறங்கித் தள்ளிக் கொண்டு போக வேண்டிய வாகனம். மலை ஏறுவதற்கென்றே ஒரு தினுசு ஸைக்கிள் உண்டு என்றும், அது பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே தான் குடியிருப்பதாகவும், வந்தால் அழைத்துப் போய்க் காட்டுவதாகவும் எங்களைச் சித்தப்பா, சித்தி என்று அழைக்கும் பிள்ளை ஒருவன் அமெரிக்காவிலிருந்து எழுதிக் கொண்டேயிருந்தான். கடைசியில் போய் விட்டோம்.

ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்திலிருந்து வடக்கே, 1937-ல் திறக்கப்பட்ட கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் ஜில்லா. அதன் தலைமை ஊர் ஸான் ராபேல். சுமார் 60,000 ஜனங்கள் வசிக்கும் புறநகர்ப் பட்டணம். காலையில் ஊரில் ஒரு பகுதி பாலத்தைக் கடந்து உத்தியோகத்துக்குப் போகிறது. மாலையில் களைத்துப் போய்த் திரும்புகிறது. இந்த விஷயத்தில் பல்லாவரத்துக்கும் ஸான் ராபேலுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. வீட்டு வாடகையைக் கேட்டபோது மட்டும் வித்தியாசம் தெரிந்தது. கேட்ட பிறகு சற்று நேரம் உட்கார்ந்து கொண்டோம்.

ஊருக்குத் தென்மேற்கே நிற்பதுதான் டாமல்பயஸ் மலை. காஞ்சீபுரத்துக்கு அப்பால் உள்ள தாமல் கிராமத்தார் யாரோ கப்பலேறிப் போய் வைத்த பெயராக இருக்கலாம் என்று நாங்கள் பெருமையுடன் ஓர் ஆராய்ச்சியை ஆரம்பித்தோம். ஆராய்ச்சி அரைமணி நேரங்கூட நிலைக்கவில்லை. அந்தப் பகுதியின் பூர்வ குடிகளான மீவோக் மக்களின் பாஷையில் அதற்கு ‘மேற்கு மலை’ என்று பொருளாம். உயரம் 2,571 அடி. நம் திருவண்ணாமலையைவிடக் கொஞ்சம் குட்டை. ஆனால் கடலோரத்திலேயே எழும்பி நிற்பதால் உயரம் அதிகமாகத் தோன்றுகிறது. காலை வேளைகளில் கடலிலிருந்து வரும் மூடுபனி அடிவாரத்தை மறைத்து விட, உச்சி மட்டும் தீவைப் போல் மிதக்கிறது.

முதல் நாள் எங்களை அந்தப் பிள்ளை ஸான் ராபேலுக்கு மேற்கே சில மைலில் இருக்கும் பேர்பாக்ஸ் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனான். அங்கே 2015-ல் திறக்கப்பட்ட ஸைக்கிள் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. பழைய இரும்பைச் சேர்த்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துக் கொண்டு உள்ளே போன நாங்கள் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தோம்.

விஷயம் இதுதான். 1970-களின் தொடக்கத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. 1930-களிலும் 40-களிலும் செய்து, பிறகு யாரும் சீந்தாமல் கொட்டகைகளில் கிடந்த கனத்த ஸைக்கிள்களை அற்ப விலைக்கு வாங்கினார்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான டயர். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக். தூக்கிப் பார்த்தால் தோள்பட்டை நழுவும் கனம். அவற்றின் மட்கார்டு, அலங்காரங்களையெல்லாம் கழற்றி எறிந்து விட்டு, மலையில் காட்டுத் தீ பரவினால் வண்டிகள் போவதற்காக வெட்டியிருந்த மண் பாதைகளுக்கு எடுத்துப் போனார்கள். உச்சியிலிருந்து கீழே விட்டார்கள்.

பேர்பாக்ஸுக்குப் பக்கத்துப் பைன் மலைச் சரிவில் அப்படி ஒரு பாதை. சுமார் இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறங்குகிறது. அந்த இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக் கொண்டே வந்தால், பின் சக்கரத்துக் குடத்தில் இருக்கும் கிரீஸ் அத்தனையும் சூட்டில் புகையாகப் போய்விடும். ஒரு தரம் இறங்கினால் குடத்தைப் பிரித்து மறுபடியும் கிரீஸ் அடைத்தாக வேண்டும். ‘மறுபடி அடைப்பது’ என்று பொருள்படும்படி அந்தப் பாதைக்கே ‘ரீபாக்’ என்று பெயர் வைத்து விட்டார்கள். 1976-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி அங்கே முதல் பந்தயம் நடந்தது. ஒவ்வொருவராகப் புறப்பட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு. அன்று ஜயித்தவர் ஆலன் பாண்ட்ஸ் என்பவர். அவர் ஜயித்த காரணம், அன்று கீழே விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவரே என்பதுதான்! பிற்பாடு காரி பிஷர் என்பவர் அந்தப் பாதையை 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கினார். ஜோ பிரீஸ் என்பவருக்கு அதைவிட இரண்டே விநாடி அதிகம் பிடித்தது.

ஆனால் எங்களைக் கவர்ந்தது அந்த வேகம் அல்ல. இறங்கின வண்டியை மறுபடி மேலே கொண்டு போக வேண்டுமே? அதற்காகப் பழைய வண்டியில் பல பற்சக்கரங்களைப் பொருத்தினார்கள். பெடல் பிரேக்கை விட்டு விட்டு மோட்டார் ஸைக்கிளின் கைப்பிடியை எடுத்து மாட்டினார்கள். பழைய சட்டங்கள் உடைந்து போகவே, 1977-ல் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு சட்டத்தைத் தம் கையால் பற்றவைத்துச் செய்தார். அந்த முதல் வண்டி இப்போது வாஷிங்டன் நகரத்து தேசீயக் காட்சிசாலையில் இருக்கிறது. 1979-ல் பிஷரும் சார்லி கெல்லி என்ற அவருடைய நண்பரும் சேர்ந்து ‘மலை ஸைக்கிள்’ என்றே பெயர் வைத்து வியாபாரம் ஆரம்பித்தார்கள். பிறகு பெரிய கம்பெனிகள் பின்தொடர்ந்தன. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை ஸைக்கிள் ஓட்டம் ஒரு பந்தயமாயிற்று. ஸைக்கிள் செய்வதில் சீனாவுக்கு அடுத்தபடியாக நிற்கும் தேசம் நம் தேசம். கொட்டகையில் கிடக்கும் பழைய வண்டியை என்ன செய்யலாம் என்று யோசிக்கும் பிள்ளைகள் நம்மிடமும் இருப்பார்கள். அவர்களை, “படிக்கிற வேலையைப் பார்!” என்று நாம் அதட்டாமல் இருக்க வேண்டும்.

மறுநாள் வாடகைக்கு வண்டி எடுத்துக் கொண்டோம். எங்களுக்கு வழி காட்டியது அந்தப் பிள்ளையின் பதினைந்து வயதுப் பெண். தாத்தா, பாட்டி என்று எங்களைக் கூப்பிடுவாள். தமிழ் கொஞ்சம் வளைந்து வரும். வண்டி மட்டும் நேராகப் போகும். வட கலிபோர்னியாவில் 2001-ல் உயர்தரப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மலை ஸைக்கிள் பந்தயச் சங்கம் ஏற்பட்டது. அவள் தன் பள்ளிக்கூடத்துக் கோஷ்டியில் சேர்ந்தவள். எங்கள் வயதுக்குத் தகுந்ததென்று அவள் தேர்ந்தெடுத்தது பழைய ரயில் பாதை.

ஆமாம், இந்த மலையில் ஒரு காலத்தில் ரயில் போயிற்று. மில் வாலி என்ற அடிவாரத்து ஊரிலிருந்து 1896-ல் உச்சிக்குப் பாதை போட்டார்கள். எட்டு மைலுக்குச் சற்று அதிகம். அதற்குள் 281 வளைவுகள். ஓரிடத்தில் தண்டவாளம் தனக்குத் தானே ஐந்து தரம் இணையாக வளைந்து வளைந்து ஏறியதாம். இறங்குவதற்கு இயந்திரம் கூட வேண்டியதில்லை; பிரயாணிகளை ஒரு திறந்த வண்டியில் ஏற்றி, பிரேக்கைப் பிடிக்க ஓர் ஆளையும் வைத்து, சரிவிலே உருள விட்டு விடுவார்கள். ஆகவே ரீபாக் பிள்ளைகளுக்கு முன்பே இந்த மலைக்கு அந்தப் பழக்கம் உண்டு! மோட்டார் சாலை வந்தது, 1929-ல் பெரும் தீ வந்தது, 1930-ல் ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த இடம் இப்போது நடக்கிறவர்களுக்கும் குதிரைக்கும் ஸைக்கிளுக்கும் பொதுவான மண் பாதை. ரயில் ஏறுவதற்காகப் போட்டதானபடியால் எங்கேயும் செங்குத்தாக இல்லை. அப்படியும் நாங்கள் பல இடங்களில் இறங்கித் தள்ளினோம் என்பதை ஒப்புக் கொண்டு விடுகிறோம்.

வழியில், 1904-ல் ரயில் பிரயாணிகளுக்காகக் கட்டிய மர விடுதி ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் வராந்தாவில் உட்கார்ந்து இளைப்பாறும்போது கீழே விரிகுடா முழுவதும் தெரிகிறது. “இந்த மலை யாருடையது?” என்று கேட்டோம். பெண் அதைச் சொன்ன விதம் வேடிக்கையாக இருந்தது. “குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கிற எல்லாருடையதும், தாத்தா” என்றாள். மலையின் ஒரு பெரும் பகுதி ஜில்லாவின் குடிநீர் ஸ்தாபனத்துக்குச் சொந்தம். 1912-ல், தனியார் கம்பெனிகளை நம்பிப் பயனில்லை என்று ஊரார் வோட்டுப் போட்டு ஏற்படுத்திய ஸ்தாபனம். மலையில் பெய்யும் மழை ஐந்து நீர்த்தேக்கங்களில் வந்து சேர்கிறது. தண்ணீர் கெடாமல் இருக்க வேண்டுமானால் மலையில் வீடு கட்டக்கூடாது, மரம் வெட்டக்கூடாது. ஆகவே, அவ்வளவு விலை போகும் ஊரில் மலை மட்டும் மலையாகவே இருந்து விட்டது. ஸைக்கிள் பிள்ளைகளுக்கு விளையாட இடம் கிடைத்தது இந்தக் குடிநீரின் புண்ணியத்தினால்தான்.

ஆனால் பொதுச் சொத்து என்றால் சண்டையும் பொது அல்லவா? ஸைக்கிள்கள் பெருகியதும் நடக்கிறவர்களும் குதிரைக்காரர்களும் முறையிட்டார்கள். பின்னாலிருந்து சத்தமில்லாமல் பாய்ந்து வருகிறார்கள், பாதையை அரித்து விடுகிறார்கள் என்று சொன்னார்கள். 1980-களில் மலைக் காவலர்கள் மோட்டார்களுக்கு வைப்பது போல் வேகம் அளக்கும் கருவியுடன் புதருக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தார்கள். மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக் கூடாது. எதிரே தெரியாத வளைவில் 5 மைல். அகலமான மண் பாதைகளில் மாத்திரம் ஸைக்கிள் போகலாம். ஒற்றையடிப் பாதைகளில் போகக்கூடாது என்று வெகு காலம் விதி இருந்தது. “இந்த வண்டி பிறந்ததே இந்த மலையில்; இதற்கு இந்த மலையிலேயே நல்ல வழி கிடையாது. இது நியாயமா?” என்று பெண் கேட்டாள். நாங்கள் அவள் கட்சியில் சேர்ந்து விட்டோம். எங்கள் பேத்தி அல்லவா?

உச்சியை அடைந்தபோது மூடுபனி விலகியிருந்தது. தெற்கே ஸான் பிரான்ஸிஸ்கோ. 1913-ல் கதர் கட்சியார் பத்திரிகை அச்சிட்டு உலகமெல்லாம் இருந்த இந்தியர்களுக்கு அனுப்பியது அந்த நகரத்திலிருந்துதான். அதற்கு இப்பால், விரிகுடாவின் நடுவே, பச்சையாக ஒரு தீவு. ‘ஏஞ்சல் தீவு’ என்று பெயர், தேவதைகளின் தீவு. 1910 முதல் 1940 வரையில் ஆசியாவிலிருந்து கப்பலில் வந்தவர்களை இறக்கி அடைத்து வைத்து விசாரித்த இடம் அது. சீனர்கள் மிகுதி, நம் தேசத்தாரும் பலர் அங்கே அடைபட்டுக் கிடந்து, திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தத் தீவைச் சுற்றி இப்போது ஸைக்கிள் பாதை போகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படகில் வண்டியை ஏற்றிக் கொண்டு போய், சுற்றி வந்து, அடைத்து வைத்த கட்டிடத்தின் சுவர்களில் சீனர்கள் செதுக்கி வைத்த கவிதைகளையும் பார்த்து விட்டு வருகிறார்கள். பெண்ணும் போயிருக்கிறாள். “அங்கே நம் ஊர்க்காரர்கள் எழுதினது ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்” என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இறங்கும்போது நேர்ந்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. எங்களில் ஒருவர் (யார் என்று சொல்வது குடும்ப சமாதானத்துக்கு நல்லதல்ல) ஏறும்போது பட்ட சிரமத்தையெல்லாம் இறங்கும்போது வசூல் செய்து விடுவதென்று தீர்மானித்து விட்டார். காற்று காதில் விர்ரென்று பாடிற்று. பெண் பின்னாலிருந்து கூவியது காதில் விழவில்லை. ஒரு வளைவு திரும்பியதும், பாதையின் நடுவே, கையில் தடியுடன் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. இரண்டு பிரேக்கையும் ஒரேயடியாகப் பிடித்ததில் வண்டி ஒரு பக்கமும், ஓட்டினவர் ஒரு பக்கமுமாகப் புழுதியில் விழுந்தனர். வண்டியின் ஹாண்டில்பார் மூதாட்டியின் கால்களுக்கு ஒரு முழ தூரத்தில் வந்து நின்றது.

அந்த அம்மாள் தடியை ஊன்றிக் கொண்டு, முதலில் எலும்பு ஏதாவது முறிந்ததா என்று விசாரித்தாள். இல்லை என்று தெரிந்த பிறகுதான் கோபித்துக் கொண்டாள்.

“வண்டியில் மணி இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“அதை எதற்கு வைத்திருக்கிறார்கள்?”

பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்கு வயது எண்பத்தொன்று. பத்து வயதிலிருந்து இந்த மலையில் நடக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடுப்பில் அறுவைச் சிகிச்சை. “விழுந்தால் உங்களுக்குச் சிராய்ப்பு, எனக்கு மலை போய் விடும்” என்றாள். பெண் அதற்குள் வந்து சேர்ந்து, வண்டியைப் படுக்க வைத்து விட்டு, எங்களுக்காக மன்னிப்புக் கேட்டாள். இருவரும் பேசிக் கொண்டார்கள். அந்த அம்மாள், ஒற்றையடிப் பாதைகளில் ஸைக்கிள் கூடாது என்று அந்தக் காலத்தில் மனுக் கொடுத்தவர்களில் ஒருத்தி. இப்போதும் கூடாது என்றுதான் சொன்னாள். பெண்ணும் தன் கட்சியை விட்டுக் கொடுக்கவில்லை. குதிரையின் குளம்பு ஈர மண்ணில் எவ்வளவு ஆழம் பதிகிறது என்று கூடக் கேட்டு விட்டாள். ஆனால் பேச்சின் நடுவில் ஒரு தரமாவது ஒருவர் மற்றவரை இந்த மலைக்கு அந்நியர் என்று சொல்லவில்லை. எங்களைப் பார்த்தும் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் அன்றைக்கு நாங்கள் வாயைத் திறந்திருக்க முடியாது. மீதி வழி முழுவதும் வளைவுக்கு வளைவு மணி அடித்துக் கொண்டே, நத்தை வேகத்தில் இறங்கினோம்.

பேர்பாக்ஸுக்கு மேலே சாரணர் படைக்குச் சொந்தமான டாமராஞ்சோ என்ற இடம் இருக்கிறது. கட்டணம் செலுத்திச் சீட்டு வாங்கினால் அங்கே குறுகலான பாதைகளில் சவாரி செய்யலாம். ரெட்வுட் மரங்களின் நிழலில், பாறையும் வேருமாகப் பத்து மைலுக்குக் கிட்டத்தட்டச் சுற்றி வருகிறது. பெண் போய் வந்தாள். நாங்கள் கீழே காப்பி சாப்பிட்டோம்.

கடைசி நாள், ஸான் ராபேலுக்குக் கிழக்கே விரிகுடாக் கரையில் உள்ள ‘சைனா காம்ப்’ என்ற வனத்துக்குப் போனோம். அங்கே ஒற்றையடிப் பாதையிலும் ஸைக்கிளுக்குத் தடையில்லை. கரையோரமாகவே வளைந்து வளைந்து போகிறது. ஒரு பக்கம் ஓக் மரச் சரிவு. இன்னொரு பக்கம் சதுப்பு நிலமும் நாரைகளும். நடக்கிறவர்கள், குதிரை, ஸைக்கிள் மூன்றும் ஒரே பாதையில். இரண்டு முழ அகலம் இருந்தால் அதிகம். இறங்கி வருகிறவன் ஏறி வருகிறவனுக்கு ஒதுங்க வேண்டும். ஸைக்கிள் எல்லோருக்கும் ஒதுங்க வேண்டும். எதிரே குதிரை வந்தபோது பெண் இறங்கிச் சரிவின் தாழ்ந்த பக்கமாக நின்று கொண்டு, குதிரையிடம் உரக்க க்ஷேமம் விசாரித்தாள். சக்கரத்தோடு நிற்பது ஏதோ மிருகம் அல்ல, மனுஷி என்று குரலைக் கேட்டால்தான் குதிரைக்குத் தெரியுமாம். “சௌக்கியமா?” என்று தமிழிலேயே கேட்டாள். குதிரை காதை ஆட்டிக் கொண்டு போயிற்று.

பாதையிலிருந்து இறங்கினால் கரையில் சில மரக் குடிசைகளும் ஒரு படகுத் துறையும். 1880-களில் காண்டன் பிரதேசத்திலிருந்து வந்த சீனர்கள் ஏறக்குறைய 500 பேர் இங்கே குடியேறி, இறால் பிடித்து, வெயிலில் உலர்த்தி ஏற்றுமதி செய்தார்கள். 1882-ல் சீனத் தொழிலாளர் வரக்கூடாதென்று சட்டம். 1911-ல் அவர்களுடைய பை வலைக்குத் தடை. கிராமம் தேய்ந்து போயிற்று. இந்த வனத்தையும் செலவு கட்டுபடியாகவில்லை என்று ராஜ்ய சர்க்கார் மூடி விடப் பார்த்தார்கள். 2012-ல் ஊரார் ஒரு சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்தைத் தாங்களே ஏற்றுக் கொண்டார்கள். வாசலில் சீட்டு வாங்கியபோது கொடுத்த டாலர் அதற்குப் போகிறது என்று கேட்டு, மீதிச் சில்லறையை வாங்காமல் வந்தோம்.

துறையின் மரப்பலகையில் உட்கார்ந்து, கொண்டு போயிருந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். பெண் டயரில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக் கொண்டே, “தாத்தா, பல்லாவரத்தில் மலை இருக்கிறதா?” என்று கேட்டாள்.

“இருக்கிறது. பல்லாவரத்து மலை, திரிசூலத்து மலை, பக்கத்திலே பரங்கிமலை.”

“வழி இருக்கிறதா?”

கல்லுடைக்கிற லாரிகள் போவதற்காக வெட்டிய வழியை நினைத்துக் கொண்டோம். அந்த வழி போய்ச் சேருகிற பள்ளத்தையும், மலை இருந்த இடத்தில் தேங்கி நிற்கும் பச்சைத் தண்ணீரையும் நினைத்துக் கொண்டோம். பாதி மலை இன்னும் பாக்கி நிற்கிறது.

“அடுத்த தரம் நீ வரும்போது வண்டியையும் கொண்டு வா. போய்ப் பார்க்கலாம்” என்றோம்.